க்யூவுக்கு முன்னால் கேட்க வேண்டியவை: ஆக்சியான் தேடும் செம்புக் குழிகள்

ஆக்சியான் என்ற துகளைத் தேடுவதற்கான நுண்ணலைக் குழிகளை, அதாவது நுண்ணலையை உள்ளே ஒத்ததிர வைக்கும் உலோகப் பாத்திரங்களை, வடிவமைக்கிறேன் என்று சொன்னால், ரேடியோ அதிர்வெண் சமாச்சாரம் தெரிந்தவர்கள் உடனே கேட்பது "க்யூ எவ்வளவு வருது?" என்பதுதான். நியாயமான கேள்வி. குழிக்குள் போன ஆற்றல் எத்தனை அலைவுகளுக்கு உள்ளேயே தங்கும் என்று சொல்லும் தரக்காரணி அது. வடிகட்டிகளிலோ துகள் முடுக்கிகளிலோ வேலை பார்த்தவர்கள் ஒரு குழியை அதை வைத்துத்தான் எடைபோடுவார்கள். ஒளி வீசாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருளைத் தேடும் குழியில் மட்டும் க்யூவுக்கு மூன்றாவது இடம்தான் தருவேன். அதற்கு முன்னால் இரண்டு விஷயங்கள் நிற்கின்றன. ஒன்று, குழியின் கொள்ளளவு. இன்னொன்று, உள்ளே மின்புலம் எந்தத் திசையில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் வடிவக் காரணி. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் காப்பாற்றுவதில்தான் என் வேலை நேரத்தின் பெரும்பகுதி போகிறது.

முதலில் ஆக்சியான் பற்றிக் கொஞ்சம். அணுக்கருவைக் கட்டிவைத்திருக்கும் வலுவிசையின் சமன்பாட்டில் ஓர் உறுப்புக்கு இடம் உண்டு. அந்த உறுப்பு இயல்பான அளவில் இருந்தால் நியூட்ரானுக்கு ஒரு மின் இருமுனைத் தன்மை இருந்தாக வேண்டும். எத்தனையோ முறை அளந்தும் அது அகப்படவில்லை. இருந்தாலும் எதிர்பார்ப்பில் ஏறத்தாழ ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது என்கின்றன அளவீடுகள். இதற்கு விளக்கமாக 1977இல் ராபர்டோ பெச்சேயும் ஹெலன் குவின்னும் ஒரு புதிய சமச்சீரை முன்வைத்தார்கள். அது சரியென்றால் மிக லேசான ஒரு துகளும் இருந்தாக வேண்டும் என்று 1978இல் ஸ்டீவன் வைன்பெர்க்கும் ஃபிராங்க் வில்செக்கும் தனித்தனியே காட்டினார்கள். அதுதான் ஆக்சியான். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் இந்தத் துகள் போதுமான அளவு உருவாகியிருந்தால் கரும்பொருள் முழுவதும் அதுவாகவே இருக்கலாம் என்று பிறகு கணக்குகள் சொல்லின. அதைப் பிடிக்க ஒரு வழியை 1983இல் பியர் சிகிவி எழுதிக் காட்டினார். வலுவான காந்தப்புலம், அதற்குள் ஓர் ஒத்ததிர்வுக் குழி, அந்தக் குழியைக் கேட்க ஓர் ஆன்டெனா. இன்றுவரை அடிப்படை இதுதான்.

கரும்பொருள் ஆக்சியானாக இருந்தால் அது தனித்தனித் துகள்களாக வந்து மோதுவதில்லை. நம் பால்வீதியின் இந்தப் பகுதியில் கரும்பொருளின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.3 முதல் 0.45 கிகா எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்கிறார்கள் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் இந்த அலகில்தான் சொல்வார்கள்). ஆக்சியானின் நிறை 4 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் என்றால், அதே கன சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ நூறு லட்சம் கோடி ஆக்சியான்கள் இருக்கும். ஒவ்வொன்றின் அலைநீளமும் நூற்றுக்கணக்கான மீட்டர். ஆகவே ஒரு மீட்டர் நீளக் குழிக்குள் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டத்தில் ஆடும் ஒரு புலமாகத்தான் தெரியும். அந்த ஆட்டத்தின் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது நிறை. 4.14 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் 1 கிகாஹெர்ட்ஸ். நிலையான காந்தப்புலத்துக்குள் இந்தப் புலம், காந்தப்புலத்தின் திசையிலேயே ஒரு மிகச் சிறிய மின்புல அலைவை உண்டாக்கும். குழியின் ஒத்ததிர்வு அதே அதிர்வெண்ணில் இருந்தால் அந்த அலைவு சேர்ந்து வளரும்.

எவ்வளவு வளரும்? பெரிய காந்தம், பெரிய குழி எல்லாம் வைத்த பிறகும் 10⁻²² வாட், 10⁻²³ வாட் என்ற அளவில்தான் வரும். அதாவது 1 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு நூறு ஃபோட்டான்களுக்கு மேலேயோ கீழேயோ. குழியை 150 மில்லிகெல்வினுக்குக் குளிர்வித்தாலும், அதே அலைவரிசை அகலத்தில் வெப்ப இரைச்சல் இதைவிடப் பல பத்து மடங்கு பெரியது. நேரம் கொடுத்துச் சராசரி எடுத்துத்தான் சிக்னலை மேலே தூக்க வேண்டும்.

பெரிய சிக்கல், நிறை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது என்பது. எந்த நிலையம் எங்கே ஒலிபரப்புகிறது என்று தெரியாமல் பழைய ரேடியோவின் குமிழை மெல்லத் திருப்புவதுபோல, குழியின் அதிர்வெண்ணை நகர்த்தி நகர்த்திக் கேட்க வேண்டியதுதான். 1 கிகாஹெர்ட்ஸில் ஆக்சியான் சிக்னலின் அகலம் சுமார் 1 கிலோஹெர்ட்ஸ். க்யூ 50,000 உள்ள குழி ஒரு நேரத்தில் கேட்கும் அகலம் 20 கிலோஹெர்ட்ஸ். 1 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2 கிகாஹெர்ட்ஸ் வரை போக பத்தாயிரக்கணக்கான படிகள். அதனால் இந்தத் துறையில் ஒரு கருவியின் தரத்தைச் சொல்வது தேடும் வேகம்தான். வருடத்துக்கு எத்தனை மெகாஹெர்ட்ஸ் முடியும் என்பதே கேள்வி.

அந்த வேகத்தின் சூத்திரத்தைப் பார்த்தால் என் வாதம் புரியும். காந்தப்புலம் நான்காம் அடுக்கில் வருகிறது. கொள்ளளவு இரண்டாம் அடுக்கு, வடிவக் காரணியும் இரண்டாம் அடுக்கு. கீழே இரைச்சல் வெப்பநிலை இரண்டாம் அடுக்கு. க்யூ மட்டும் முதல் அடுக்கு. காரணமும் எளிது. க்யூவை இரட்டித்தால் சிக்னல் இரட்டிக்கும், ஆனால் ஒரு நேரத்தில் கேட்கும் அகலம் பாதியாகும். காந்தத்தை வாங்கித் தருவது வேறொருவர் வேலை. இரைச்சலைக் குறைப்பது பெருக்கிக்காரர்கள் வேலை. குழி வடிவமைப்பவர் கையில் இருப்பவை மூன்றுதான். அதில் இரண்டு வர்க்கமாக வருகின்றன, ஒன்று சும்மா வருகிறது. எதற்கு அதிகம் மெனக்கெட வேண்டும் என்று சூத்திரமே சொல்லிவிடுகிறது.

இனி குழிக்குள் போவோம். பெரும்பாலான கருவிகளில் இருப்பது சோலினாய்டு எனப்படும் சுருள் காந்தம், அதன் துளைக்குள் செங்குத்தாக ஓர் உருளைக் குழி. காந்தப்புலம் மேல்நோக்கி. ஆகவே குழியின் மின்புலமும் மேல்நோக்கி, குழி முழுவதும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். குழிக்குள் மின்புலம் ஆடக்கூடிய ஒவ்வொரு பாங்கையும் மோடு என்போம். இங்கே பொருத்தமானது டிஎம்010 என்கிற மோடு. நடு அச்சில் மின்புலம் உச்சம், சுவரில் பூச்சியம், மேலிருந்து கீழ்வரை மாற்றமே இல்லை. வெற்று உருளையில் இதன் வடிவக் காரணி 0.69. அடுத்த மோடான டிஎம்020இல் மின்புலம் நடுவில் ஒரு பக்கமும் வெளிவட்டத்தில் எதிர்ப்பக்கமும் இருக்கும். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 0.13தான் மிஞ்சும். செங்குத்து மின்புலமே இல்லாத டிஇ மோடுகளுக்கு வடிவக் காரணி பூச்சியம். அவற்றின் க்யூ எத்தனை லட்சமாக இருந்தாலும் ஆக்சியான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. க்யூ மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

டிஎம்010இன் அதிர்வெண்ணை ஆரம் மட்டுமே தீர்மானிக்கிறது, உயரத்துக்கு அதில் பங்கில்லை. 1 கிகாஹெர்ட்ஸுக்கு ஆரம் 11.5 சென்டிமீட்டர். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஏடிஎம்எக்ஸ் கருவியின் குழி 136 லிட்டர், ஒரு மீட்டர் உயரம். துருப்பிடிக்காத எஃகில் செய்து உள்ளே செம்பு முலாம் பூசியது. கிட்டத்தட்ட 7.6 டெஸ்லா காந்தத்துக்குள் அது இருக்கிறது. 2018இல் 2.66 முதல் 2.81 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் வரையான சிறு துண்டில், இரண்டு முக்கியக் கோட்பாட்டு மாதிரிகளில் பலவீனமானது சொல்லும் சிக்னலைக்கூடக் கேட்கும் அளவு உணர்திறனை அது எட்டியது. ஆக்சியான் அங்கே இல்லை. ஆனாலும் அந்த முடிவை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டான பரவசம் இன்னும் குறையவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாகத் தாளில் இருந்த ஒரு எண்ணை ஒரு செம்புப் பாத்திரம் தொட்டுவிட்டது.

உயரம் அதிர்வெண்ணைப் பாதிக்காது என்றால் குழியை நீட்டிக்கொண்டே போகலாமே, கொள்ளளவு கூடுமே என்று தோன்றும். இங்கேதான் வினை. டிஎம்010 நகராது, ஆனால் மற்ற மோடுகள் நகரும். நீட்ட நீட்ட டிஇ மோடுகள் கீழிறங்கி வந்து டிஎம்010ஐச் சுற்றிக் கூட்டம் போடும். குழியின் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போகும்போது அவற்றில் ஒன்றைக் கடக்க நேரும். வடிவம் கச்சிதமாக இருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். நிஜக் குழியில் சிறு இடைவெளியும் சாய்வும் இருப்பதால் இரண்டும் கலந்து, பாதி டிஎம் பாதி டிஇ என்று ஆகிவிடும். வடிவக் காரணி சரிந்து, அந்த அதிர்வெண் துண்டில் தேடல் குருடாகிவிடும். குழியில் திரவ ஹீலியம் நிரப்பினால் எல்லா மோடுகளும் மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கீழிறங்கும். அப்போது மோதல் நடக்கும் இடமும் நகர்ந்து, விட்டுப்போன துண்டைக் கேட்க முடியும். அழகான உபாயம். ஆனால் முதலிலேயே மோதல் குறைவான வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதே மேல் என்று நினைக்கிறேன். ஆரத்தைப் போல நாலைந்து மடங்கு உயரத்தோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் வந்தது இதனால்தான்.

அதிர்வெண்ணை மாற்றுவது எப்படி? குழிக்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு செம்புத் தண்டு. அதைச் சுவரோரத்திலிருந்து நடுவை நோக்கி வளைவாக நகர்த்தினால் அதிர்வெண் ஏறும். சொல்லும்போது எவ்வளவு சுலபம்! குழி வடிவமைப்பின் நிஜமான தலைவலி இந்தத் தண்டின் இரண்டு முனைகளிலும் இருக்கிறது.

தண்டு நகர வேண்டும் என்றால் மூடித் தகட்டை உரசக் கூடாது. ஆகவே மேலும் கீழும் மில்லிமீட்டரின் சிறு பின்னம் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். இந்த மோடில் மின்னோட்டம் சுவரிலும் தண்டிலும் செங்குத்தாக ஓடி மூடித் தகடு வழியாகச் சுற்றுகிறது. இடைவெளி வந்த இடத்தில் அந்த ஓட்டம் அறுபடும். இடைவெளி ஒரு மின்தேக்கியாகி, தண்டின் முனையில் மின்புலம் குவியும். இரண்டு முனைகளிலும் இடைவெளி சமமாக இருந்தால் பாதிப்பு சிறிது. மேலே கொஞ்சம் அதிகம், கீழே கொஞ்சம் குறைவு என்று ஆனாலோ, தண்டு துளி சாய்ந்தாலோ, மின்புலம் குழியின் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். 100 லிட்டர் குழி கையில் இருந்தும் அதில் ஒரு பகுதிதான் வேலை செய்யும். குழி எவ்வளவு ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தச் சாய்வுக்கு அது பயப்படும். உயரம் இரட்டித்தால் பயம் நான்கு மடங்கு.

இதில் கொடுமை என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நெட்வொர்க் அனலைசரைக் கட்டி அளந்தால் ஒத்ததிர்வு தெரியும், அதிர்வெண் ஏறத்தாழ எதிர்பார்த்த இடத்தில் இருக்கும், க்யூவும் நன்றாகவே இருக்கும். வடிவக் காரணியை மட்டும் எந்தக் கருவியும் நேராகக் காட்டாது. அதற்குக் கைவேலை ஒன்று இருக்கிறது. மெல்லிய நூலில் ஒரு சின்ன மின்கடத்தாப் பொருள் மணியைக் கோத்து, குழியின் மேல் துளை வழியாக இறக்கி, கீழே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். மணி இருக்கும் இடத்தில் மின்புலம் வலுவாக இருந்தால் ஒத்ததிர்வு அதிகமாகக் கீழே சரியும், பலவீனமாக இருந்தால் அசையாது. சரிவு மின்புலத்தின் வர்க்கத்துக்கு விகிதம். மேலிருந்து கீழ்வரை வரைபடம் தட்டையாக வந்தால் நிம்மதி. ஒரு பக்கம் தூக்கியிருந்தால் தண்டைத் திரும்பக் கழற்ற வேண்டும். கணினிச் சிமுலேஷன் எவ்வளவு முன்னேறினாலும் இந்த மணிச் சோதனைக்கு மாற்று கிடையாது என்பேன். சிமுலேஷனில் நாம் வரைந்த குழி இருக்கிறது, மேசையில் இருப்பது பட்டறையில் கடைந்த குழி.

அதையும் அறை வெப்பநிலையில் சரிபார்த்து முடித்துவிட முடியாது. செம்பு அறை வெப்பநிலையிலிருந்து சில கெல்வினுக்கு இறங்கும்போது மீட்டருக்கு 3.2 மில்லிமீட்டர் சுருங்கும். துருப்பிடிக்காத எஃகு மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். வித்தியாசம் கால் மில்லிமீட்டர் என்றால் கேட்கச் சின்னது, ஆனால் நாம் விட்ட இடைவெளியே அந்த அளவில்தான் இருக்கிறது. எஃகுக் குழியில் முழுச் செம்புத் தண்டு வைத்தால் குளிரும்போது இடைவெளி கூடிவிடும். அதனால் குழிக்கும் தண்டுக்கும் ஒரே உலோகம் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அப்புறம் அச்சு. தண்டைத் தாங்கும் அச்சு உலோகமாக இருந்தால் அது துளை வழியாக நுண்ணலையை வெளியே கடத்திவிடும், அலுமினா போன்ற பீங்கானாக இருந்தால் வெப்பம் கடக்காது. யேல் பல்கலைக்கழகத்தின் ஹேஸ்டாக் கருவியில் ஆரம்ப ஓட்டத்தில் இதுதான் நடந்தது. குழி குளிர்ந்தது, உள்ளே தண்டு சூடாகவே தங்கி இரைச்சலைக் கூட்டியது. பீங்கான் அச்சுக்குள் செம்பைச் செருகி வெப்ப இணைப்பை மேம்படுத்தினார்கள்.

க்யூவை நான் ஒரேயடியாக ஒதுக்குவதாக நினைக்க வேண்டாம். செம்பில் அதற்கு இயற்கையே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன். 1 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 2 மைக்ரான் ஆழத்துக்குத்தான் ஓடும். குளிர்வித்தால் மின்தடை நூறு மடங்குக்கும் மேல் குறையும் அளவுக்குத் தூய செம்பு கிடைக்கிறது. ஆனால் எலக்ட்ரான் ஒரு முறை மோதுவதற்குள் கடக்கும் தூரம் அந்தத் தோல் ஆழத்தைத் தாண்டிவிட்டால், அதற்குமேல் தூய்மையால் பயனில்லை. க்யூ மூன்று நான்கு மடங்கு கூடி நின்றுவிடும். அதற்கு மேல் மெருகேற்றுவதிலும் வேதிச் சுத்தத்திலும் கிடைப்பது சில சதவீதங்கள். குழியை எங்கே வெட்டி இணைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வெட்டு மின்னோட்டத்துக்கு இணையாகப் போகும், பெரிய இழப்பில்லை. மூடியைத் தனியாக வைத்தால் வெட்டு மின்னோட்டத்துக்குக் குறுக்கே வரும். அங்கே தொடுகை சுத்தமாக இல்லையென்றால் மொத்தக் க்யூவும் அந்த ஒரு வளையத்தில் கரைந்துவிடும்.

மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திகள் இந்த வரம்பை உடைக்கும். முடுக்கிகளில் பயன்படும் நயோபியம் 8 டெஸ்லாவுக்குள் மீக்கடத்துவதை நிறுத்திவிடும், எனவே அது இங்கே உதவாது. உயர்வெப்ப மீக்கடத்திகளான அரிய மண் பேரியம் தாமிர ஆக்சைடு நாடாக்கள் தாங்குகின்றன. தென் கொரியாவின் தேஜோனில் இருந்த ஆக்சியான் ஆய்வு மையத்தினர், பல துண்டுகளாகப் பிரித்த பலகோணக் குழியின் உட்சுவரில் இந்த நாடாக்களை ஒட்டி, 8 டெஸ்லா புலத்தில் செம்பைவிடப் பல மடங்கு க்யூவை எட்டினார்கள். இது பெரிய சாதனை, இதை மனதாரப் பாராட்டுகிறேன். நாடா ஒட்டிய குழியிலும் தண்டு வேண்டும், தண்டுக்கு இடைவெளி வேண்டும், இடைவெளியில் சாய்வு வரும். அதற்கு நாடாவால் ஒன்றும் செய்ய முடியாது.

அதிர்வெண் ஏற ஏற நிலைமை இன்னும் இறுகும். உயரம் ஆரத்தைப் போல ஐந்து மடங்கு என்று வைத்தால், 1 கிகாஹெர்ட்ஸ் குழியின் கொள்ளளவு 24 லிட்டர். 10 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் 24 மில்லிலிட்டர். தேடும் வேகத்தில் இது வர்க்கமாக வருவதால் பத்து லட்சம் மடங்கு அடி. எந்தக் க்யூவும் இதை ஈடுகட்டாது. ஆகவே இன்றைய சுவாரசியமான யோசனைகள் எல்லாமே அதிர்வெண்ணையும் கொள்ளளவையும் பிரிக்கப் பார்க்கும் யோசனைகள்தான்.

அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது, அதே கொரிய மையத்தில் வந்த பீட்சாக் குழி. ஒரு பெரிய உருளையை நடுவில் சின்ன வெளி விட்டுச் சுவர்களால் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் சிறியது என்பதால் அதிர்வெண் ஏறுகிறது, மொத்தக் கொள்ளளவு குறைவதில்லை. நடு வெளி எல்லாத் துண்டுகளையும் இணைப்பதால் ஒரே ஆன்டெனா போதும். பல தனி உருளைகளை அடுக்கினால் இடையில் வீணாகும் இடமும் இதில் இல்லை. பிளாஸ்மா ஹாலோஸ்கோப் என்பது இன்னொரு திசை. மெல்லிய கம்பிகளை வரிசையாக நட்டால், அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது பெட்டியின் அளவு இல்லை, கம்பிகளுக்கு இடையிலான தூரம். 2019இல் வந்த அந்த முன்மொழிவை எழுதியவர்களில் வில்செக்கும் ஒருவர். ஜெர்மனியில் மேட்மாக்ஸ் குழு, குழியையே விட்டுவிட்டு மின்கடத்தாத் தட்டுகளை வரிசையாக வைத்து அவற்றின் பரப்பிலிருந்து வரும் அலைகளைச் சேர்க்கப் பார்க்கிறது.

ஆனால் கொள்ளளவைப் பெருக்கினால் மோடுகள் நெருங்கும் என்ற விதியிலிருந்து இவற்றில் எதுவும் தப்பவில்லை. பீட்சாவின் ஒரு சுவர் கொஞ்சம் நகர்ந்தால் ஒரு துண்டு மட்டும் அதிகம் ஆடும். ஒரு கம்பி வளைந்தால் அந்த மூலை தனியாகப் பிரியும். தண்டின் சாய்வில் பார்த்த அதே நோய், வேறு உடம்பில். புதிய வடிவம் ஒன்றின் கட்டுரை வந்தால், சிமுலேஷனில் கச்சிதமான வடிவத்துக்கு என்ன வடிவக் காரணி வந்தது என்பதைத் தாண்டி, 50 மைக்ரான் பிழை வைத்தால் அது எவ்வளவு விழுகிறது என்ற வரைபடத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். அது இல்லாத கட்டுரை எனக்குப் பாதிக் கட்டுரை.

அடுத்த பெரிய சோதனை ஃபெர்மி ஆய்வகத்தில் திட்டமிட்டிருக்கும் ஏடிஎம்எக்ஸின் விரிவாக்கம். 2 முதல் 4 கிகாஹெர்ட்ஸ் வரை, மருத்துவ ஸ்கேனில் பயன்பட்ட 9.4 டெஸ்லா காந்தத்துக்குள் 18 தனித்தனிக் குழிகள். ஒவ்வொன்றிலும் தனித் தண்டு, தனி இடைவெளி, தனிச் சாய்வு. எல்லாக் குழிகளின் அதிர்வெண்ணும், ஒரு குழியின் ஒத்ததிர்வு அகலத்தைவிட மிகச் சிறிய வித்தியாசத்துக்குள் எப்போதும் ஒன்றாக நகர வேண்டும். அப்போதுதான் 18 சிக்னல்களும் ஒரே கட்டத்தில் கூடும். அதிர்வெண்ணை ஒன்றாகப் பூட்டுவது மின்னணுவியலால் ஆகும் காரியம். 18 மின்புலங்களும் மேலிருந்து கீழ்வரை தட்டையாக இருக்கின்றனவா என்பதைக் குளிர்ந்த நிலையில், காந்தத்துக்குள் வைத்து எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் நான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் கேள்வி. மணியும் நூலும் அங்கே இறங்காது. தண்டை நகர்த்தும்போது டிஎம்010 மட்டுமின்றி, மேலிருந்து கீழாக மின்புலம் மாறும் டிஎம்011, டிஎம்012 ஆகிய மோடுகளும் எவ்வளவு நகர்கின்றன என்று சேர்த்து அளந்தால், சாய்வை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட முடியும் என்று நம்புகிறேன். ஒரு முனையில் இடைவெளி மாறினால் இந்த மூன்றும் ஒரே அளவில் நகர்வதில்லை, அந்த வித்தியாசம்தான் கையிலிருக்கும் துப்பு.